கே-ஜெட்ரானிக் மக்கர் செய்தால்: ஸ்க்ரூவைத் தொடும் முன் பிரஷரைப் பாருங்கள்

போர்ஷே 911 எஸ்சி, முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, மெர்சிடிஸ் 450 எஸ்இஎல் 6.9, ஆடி குவாட்ரோ. எஞ்சின் அமைப்பில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த நான்கு வண்டிகளிலும் பெட்ரோலை அளந்து கொடுப்பது ஒரே அமைப்புதான்: போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக். 1973 மாடல் ஆண்டின் நடுவில் அமெரிக்காவுக்குப் போன 911 டி-யில் முதலில் வந்தது. எஸ்சி-யில் 1983 வரை இருந்தது. 911 டர்போவிலோ 90-களின் தொடக்கம் வரை நீடித்தது.

இதற்கு இன்று கெட்ட பெயர்தான் அதிகம். "காலையில் ஸ்டார்ட் ஆகாது, சூடானால் ஸ்டார்ட் ஆகாது, யாருக்கும் ட்யூன் செய்ய வராது" என்பார்கள். இந்தப் பெயருக்குக் காரணம் அமைப்பு அல்ல, அதை ரிப்பேர் செய்கிற முறை. வண்டி சரியாக ஓடவில்லை என்றதும் கார்புரேட்டர் பழக்கத்தில் முதலில் மிக்ஸர் ஸ்க்ரூவை, அதாவது காற்றில் எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்பதை மாற்றும் ஸ்க்ரூவைத் திருப்புகிறார்கள். 40 வருடம் நகராமல் இருந்த ஒரு செட்டிங் போய்விடும். உண்மையான கோளாறு அப்படியே இருக்கும். அடுத்தவர் கைக்கு வரும்போது ஒன்றுக்கு இரண்டு கோளாறு. பிரஷர் கேஜ் இல்லாமல் கே-ஜெட்ரானிக்கைத் தொடவே கூடாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைத்தான் விரித்துச் சொல்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

அடிப்படை அமைப்பில் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட் எதுவும் கிடையாது. எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு வட்டத் தட்டை மேலே தூக்குகிறது. அதுதான் சென்சார் தட்டு. தட்டோடு சேர்ந்த நெம்புகோல், ஃப்யூயல் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் (சிலிண்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) இருக்கும் பிளஞ்சர் என்ற சிறு தண்டைத் தூக்குகிறது. பிளஞ்சர் ஏறும் அளவுக்கு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக இருக்கும் மெல்லிய செங்குத்துப் பிளவுகள் திறக்கின்றன. இந்தப் பிளவின் அகலம் சுமார் 0.2 மி.மீ., உயரம் 5 மி.மீ. பிளவைக் கடக்கும்போது பிரஷர் குறைவது எப்போதும் 0.1 பார் (பார் என்பது பிரஷரின் அலகு) மட்டுமே இருக்கும்படி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு டயாஃப்ரம் வால்வு பார்த்துக்கொள்கிறது. அதனால் பிளவு எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு பெட்ரோல் போகும். இன்ஜெக்டர்கள் சுமார் 3.5 பாரில் தானாகத் திறந்து, எஞ்சின் ஓடும் வரை இடைவிடாமல் தூவிக்கொண்டே இருக்கும்.

மனதில் வைக்க வேண்டிய பிரஷர்கள் மூன்று. முதலாவது சிஸ்டம் பிரஷர், பம்ப் தரும் பிரஷர். 911, கோல்ஃப் வண்டிகளில் பெரும்பாலும் 4.5 முதல் 5.2 பாருக்குள் இருக்கும். இரண்டாவது கன்ட்ரோல் பிரஷர், பிளஞ்சரின் தலையை மேலிருந்து கீழே அழுத்துவது. இது அதிகமானால் தட்டு ஏறத் திணறும், கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறையும். குறைந்தால் தட்டு சுலபமாக ஏறும், கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். இந்தப் பிரஷரை எஞ்சின் சூட்டுக்கு ஏற்ப மாற்றுவதுதான் வார்ம்-அப் ரெகுலேட்டரின் வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரெகுலேட்டரின் பைமெட்டல் பட்டை (சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை) வால்வு ஸ்பிரிங்கை எதிர்த்து அழுத்திப் பிரஷரைக் குறைவாக வைத்திருக்கும். கரண்ட் பாய்ந்து பட்டை சூடானதும் பிரஷர் ஏறும். மூன்றாவது மிச்ச பிரஷர்: எஞ்சினை அணைத்த பிறகும் லைனில் தங்கியிருக்க வேண்டியது. சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆவது இதை நம்பித்தான்.

"கன்ட்ரோல் பிரஷர் கூடினால் லீன்" என்ற வரியை எங்காவது எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு வேலை பார்த்து வீணாக்கும் நேரம்தான் அதிகம்.

தொடங்கும் முன்

இது 5 பாரில் நிற்கும் பெட்ரோல். லைனைக் கழற்றும்போது துணியால் சுற்றிப் பிடித்து மெதுவாகத் தளர்த்துங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். 911-இல் பெட்ரோல் லைன்கள் எல்லாம் எஞ்சினுக்கு நேர் மேலே. சொட்டுவது நேராகச் சூடான பாகங்கள் மேல்தான் விழும். துணிப் பின்னல் போட்ட பழைய ஹோஸ் எதையாவது வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால், மற்ற வேலைக்கெல்லாம் முன்னால் அதை மாற்றுங்கள். பழைய 911-கள் எரிந்துபோகக் காரணமான இடங்களில் இதுவும் ஒன்று.

தேவைப்படுபவை: 0 முதல் 7 பார் வரை காட்டும் கேஜ், அதனோடு ஒரு அடைப்பு வால்வு, உங்கள் வண்டிக்குப் பொருந்தும் இணைப்புகள், மல்டிமீட்டர், அளவு ஜாடி, நீளமான 3 மி.மீ. ஆலன் கீ, காந்தம், செம்பு வாஷர் ஒரு பாக்கெட். பான்ஜோ போல்ட்டை (பெட்ரோல் லைனை இணைக்கும், நடுவில் துளை உள்ள போல்ட்) கழற்றும் ஒவ்வொரு முறையும் வாஷர் புதிதாகப் போட வேண்டும். இன்ஜெக்டர் லைனைத் திறக்க எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒன்றால் மட்டும் திருப்பினால் இன்ஜெக்டரே சுழன்று அதன் ரப்பர் இருக்கை கிழியும்.

பெட்ரோல் பக்கம் போகும் முன் இக்னிஷனை முடித்துவிடுங்கள். பிளக், கேபிள், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி, டைமிங், கம்ப்ரெஷன், வால்வு கிளியரன்ஸ் (911-இல் குளிர்ந்த எஞ்சினில் 0.10 மி.மீ.). கே-ஜெட்ரானிக் மேல் பழி விழும் மிஸ்ஸிங்கில் பல, பிளக் கேபிளில் முடிகின்றன.

காற்று எங்கே இழுக்கிறது

அடுத்தது ஏர் லீக். இந்த அமைப்பு தட்டைத் தூக்கும் காற்றை மட்டும்தான் எண்ணும். தட்டைத் தாண்டி எங்கிருந்து காற்று புகுந்தாலும் அது கணக்கில் வராது; அந்த அளவுக்குக் கலவை லீன் ஆகும். ஐட்லிங் ஆடும், ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு கணம் தூங்கும், குளிரில் பேக் ஃபயர் ஆகும்.

சுலபமான சோதனை ஒன்று. சூடான எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறங்கள். எஞ்சின் தடுமாற வேண்டும், ஏறக்குறைய அணைய வேண்டும். எந்த மாற்றமும் இல்லை என்றால் ஏற்கெனவே வேறு எங்கோ பெரிய லீக் இருக்கிறது. கிராங்க்கேஸ் ஆவி இன்டேக்குக்குள் போவதால், இந்த வண்டிகளில் ஆயில் மூடியின் கேஸ்கெட், டிப்ஸ்டிக்கின் ரப்பர், வால்வு கவர் கேஸ்கெட் எல்லாம் இன்ஜெக்ஷன் பாகங்களாகவே ஆகிவிடுகின்றன. கோல்ஃபில் டிப்ஸ்டிக் ரப்பர் தளர்ந்ததால் வரும் ஐட்லிங் கோளாறு அடிக்கடி பார்க்கக்கூடியது.

இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள ஓ-ரிங்குகள் வருடக் கணக்கில் சூட்டில் கிடந்து பிளாஸ்டிக் போல இறுகிவிடும். விரலால் இன்ஜெக்டரைச் சுழற்றிப் பார்த்து அது தளர்வாகச் சுழன்றால் மாற்றுங்கள். புதியதில் லேசாக ஆயில் தடவி அழுத்துங்கள். வறண்டு போட்டால் கிழியும். 911-இல் ஏர் பாக்ஸிலிருந்து இன்டேக் குழாய்களுக்குப் போகும் ஆறு ரப்பர் ஸ்லீவ்களும் இதே வகை.

911-இன் பிளாஸ்டிக் ஏர் பாக்ஸைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். குளிர் ஸ்டார்ட்டில் பேக் ஃபயர் ஆனால் உள்ளே இருக்கும் கலவை பற்றிக்கொண்டு, பாக்ஸ் அதன் ஒட்டு வரிசையிலேயே பிளக்கும். அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகி உடனே அணையும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. எஞ்சினைக் கொஞ்சம் இறக்காமல் அந்த பாக்ஸை மாற்றக் கை போகாது. இதற்காகப் பாக்ஸில் துளை போட்டு ஒட்டும் பாப்-ஆஃப் வால்வு கிடைக்கிறது. உள்ளே வெடித்தால் இந்த ஸ்பிரிங் மூடி திறந்து பிரஷரை வெளியே விடும். கட்டாயம் போட வேண்டியது. ஆனால் துளை போடும்போது விழும் பிளாஸ்டிக் தூளை வேக்யூம் வைத்து முழுதும் எடுத்துவிட வேண்டும். மூடியின் சீலில் தூசி இருந்தால் வால்வே புதிய ஏர் லீக் ஆகிவிடும் என்பதால், வருடத்துக்கு ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். வால்வு இருந்தாலும் சரி, ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது. கார்புரேட்டர் வண்டியில் வந்த அந்தப் பழக்கம் இங்கே பாக்ஸுக்கு ஆபத்து.

கண்ணால் கண்டுபிடிக்க முடியாத லீக்குக்குப் புகை மெஷின்தான் சரியான வழி. பெட்ரோலையோ கார்ப் கிளீனரையோ ஸ்ப்ரே செய்து தேடுவது சூடான எஞ்சினில் தீக்கு அழைப்பு.

ஆக்சிலரி ஏர் வால்வையும் இதோடு பார்த்துவிடலாம். குளிரில் கூடுதல் காற்று விட்டு ஐட்லிங்கை உயர்த்துவது அது. எஞ்சின் முழுச் சூடான பிறகு அதன் ஹோஸை அழுத்திப் பிடியுங்கள். ஆர்.பி.எம். குறைந்தால் வால்வு மூடவில்லை. முதலில் அதன் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்; கரண்ட் இல்லாமல் அது தானாக மூடச் சிரமப்படும்.

பெட்ரோல் எவ்வளவு வருகிறது

பிரஷருக்கு முன்னால் அளவு. ஏனென்றால் பிரஷர் சரியாக இருந்தும் அளவு குறைந்தால் வண்டி ஐட்லிங்கில் நன்றாக ஓடி, ஹைவேயில் மூச்சு வாங்கும்.

பம்பை எஞ்சின் ஓடாமல் இயக்க வேண்டும். 911 எஸ்சி-யில் ஏர்-ஃப்ளோ சென்சாரில் உள்ள பிளக்கைக் கழற்றி இக்னிஷனைப் போட்டால் பம்ப் ஓடும். கோல்ஃபில் பம்ப் ரிலேயைக் கழற்றி, 30, 87 என்ற இரண்டு முனைகளை ஃப்யூஸ் போட்ட ஒயரால் இணைக்கலாம். ஆனால் பம்ப் ஓடும்போது சென்சார் தட்டைத் தூக்கினால் எல்லா இன்ஜெக்டர்களும் ஒரே நேரத்தில் தூவும் என்பதை மறக்க வேண்டாம். கீச்சென்ற சத்தம் கேட்கும். ஒரு விநாடிக்கு மேல் தூக்கி வைத்தால் சிலிண்டரில் பெட்ரோல் தேங்கும்; சுவரில் உள்ள ஆயிலைக் கழுவும்; நிறையத் தேங்கினால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது கனெக்டிங் ராடே வளையலாம்.

ரிட்டர்ன் லைனைக் கழற்றி அளவு ஜாடிக்குள் விடுங்கள். மெர்சிடிஸின் அளவு 40 விநாடியில் 1 லிட்டர். மற்ற வண்டிகளிலும் அரை நிமிடத்தில் முக்கால் லிட்டருக்குக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். அப்போது பம்பைக் குற்றம் சொல்லும் முன் அதன் முனையில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியில் 12.5 இருந்து பம்பில் 10.5 தான் வருகிறது என்றால் கோளாறு எர்த்திலோ, ரிலேயிலோ, துருப்பிடித்த கனெக்டரிலோ இருக்கிறது. வோல்டேஜ் சரி என்றால் டேங்க்கின் உள்ளே இருக்கும் சல்லடை, அடுத்து ஃபில்டர், கடைசியில் பம்ப். ஃபில்டரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஓடாத வண்டியிலும் மாற்றுவது நல்லது; அம்புக்குறி டிஸ்ட்ரிப்யூட்டரை நோக்கி இருக்க வேண்டும். 0.2 மி.மீ. பிளவுக்கு முன்னால் காவல் நிற்பது அது ஒன்றுதான்.

கேஜை மாட்டுதல்

ஃப்யூயல் டிஸ்ட்ரிப்யூட்டரின் நடுவிலிருந்து வார்ம்-அப் ரெகுலேட்டருக்குப் போகும் லைனின் நடுவே கேஜ் வர வேண்டும். அடைப்பு வால்வு கேஜுக்கும் ரெகுலேட்டருக்கும் இடையில் இருக்க வேண்டும். வால்வை மூடினால் சிஸ்டம் பிரஷர், திறந்தால் கன்ட்ரோல் பிரஷர். வால்வைத் தப்பான பக்கம் மாட்டினால் வரும் எண் எதற்கும் உதவாது. மாட்டியதும் கேஜைத் தாழ்வாகத் தொங்கவிட்டு, வால்வை ஐந்தாறு முறை திறந்து மூடி ஹோஸில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள்.

முதல் அளவு சிஸ்டம் பிரஷர். வால்வை மூடி, பம்பை ஓட்டிப் படியுங்கள். குறைவாக இருந்தால், பம்ப் அளவுச் சோதனையில் தேறியிருக்கும்பட்சத்தில், டிஸ்ட்ரிப்யூட்டரின் பக்கவாட்டில் உள்ள பிரஷர் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். அதிகமாக இருந்தால் முதலில் ரிட்டர்ன் லைன் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டரைச் சரி செய்வது ஸ்பிரிங்கின் பின்னால் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) போட்டு. ஃபோக்ஸ்வாகன் கணக்கு: 0.1 மி.மீ. ஷிம்முக்கு 0.06 பார், 0.5 மி.மீ.க்கு 0.3 பார். அந்த நட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கையும் கையோடு மாற்றிவிடுங்கள். அதே ஓ-ரிங்தான் மிச்ச பிரஷர் கசியும் இடமும்.

இரண்டாவது அளவு குளிர் கன்ட்ரோல் பிரஷர். இரவு முழுக்க நின்ற வண்டியில்தான் எடுக்க முடியும். வார்ம்-அப் ரெகுலேட்டரின் எலக்ட்ரிக் பிளக்கைக் கழற்றி, வால்வைத் திறந்து, பம்பை ஓட்டி, ஒரு நிமிடத்துக்குள் படியுங்கள். சுற்றுப்புறச் சூட்டையும் தெர்மாமீட்டரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் சரியான பிரஷர் அந்தச் சூட்டைப் பொறுத்தது. பல வண்டிகளில் 20 டிகிரி செல்சியஸில் அது 1.5 பாரை ஒட்டி வரும். உங்கள் ரெகுலேட்டரின் எண்ணுக்கு உரிய வரைபடம் எதுவோ அதுதான் இறுதி. போஷ் எண் 0 438 140 என்று தொடங்கும். கடைசி மூன்று இலக்கம்தான் எந்த எஞ்சினுக்கு, எந்த நாட்டுக்கு என்பதைத் தீர்மானிக்கும். பார்க்க ஒன்று போலவே இருக்கும் வேறு எண் ரெகுலேட்டரைப் போட்டுவிட்டு, "புதுசு போட்டும் சரியாகவில்லை" என்று சொல்வது இந்த வண்டிகளில் சகஜம். வண்டியை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டிய எண் இது.

குளிரில் பிரஷர் 2.5, 3 பார் என்று நின்றால், காலையில் ஸ்டார்ட் ஆகாமைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பெரும்பாலும் ரெகுலேட்டரின் நுழைவாயில் சல்லடை துருவாலும் பிசினாலும் அடைத்திருக்கும். சல்லடையைச் சுத்தம் செய்து மறுபடி அளங்கள். பைமெட்டலைத் தாங்கும் கட்டையைச் சுத்தியலால் தட்டிப் பிரஷரைச் சரி செய்வோர் உண்டு. அடைப்பு இருக்கும்போதே அப்படித் தட்டினால், பின்னால் அடைப்பு நீங்கியதும் பிரஷர் தலைகீழாகப் போகும். சுத்தம் செய்து, அளந்து, அப்புறமும் விலகியிருந்தால் மட்டும் அந்த வேலை.

மூன்றாவது சூடான கன்ட்ரோல் பிரஷர். பிளக்கை மாட்டி, எஞ்சினை ஓட்டினால் சில நிமிடத்தில் கேஜ் முள் ஏறி நிற்க வேண்டும். பெரும்பாலான 911, கோல்ஃப் ரெகுலேட்டர்களுக்கு 3.4 முதல் 3.8 பார். வேக்யூம் ஹோஸ் (எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டுவரும் ஹோஸ்) உள்ள ரெகுலேட்டரில் இரண்டு எண் உண்டு: வேக்யூம் இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது அதைவிடக் குறைந்த இன்னொன்று. முழு ஆக்சிலரேட்டரில் கலவையை ரிச் ஆக்க அது. அந்த ஹோஸ் கழன்றிருந்தால் வண்டி எப்போதும் ரிச்சாகவே ஓடும், பெட்ரோல் குடிக்கும்.

முள் ஏறவே இல்லை என்றால் ஹீட்டர். பிளக்கில் 12 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ரெகுலேட்டரின் இரண்டு முனைகளுக்கு இடையே ஓம் அளங்கள். சுமார் 20 முதல் 26 ஓம் வர வேண்டும். முடிவிலி காட்டினால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. கறும்புகை, கருத்த பிளக், பெட்ரோல் வாசனை என்று வரும் வண்டிகளில் மிக்ஸர் ஸ்க்ரூவைத் தொடாமலே கோளாறு இங்கே முடிந்துவிடுவது உண்டு.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டி

பெட்ரோல் போட நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. அரை மணி கழித்தால் பிடிக்கும். இது மிச்ச பிரஷர் கோளாறு. லைனில் பிரஷர் இல்லாததால் எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டிவிடுகிறது.

சூடான எஞ்சினை அணைத்து, வால்வைத் திறந்த நிலையில் கேஜைப் பாருங்கள். கோல்ஃபுக்கு 10 நிமிடம் கழித்து 1.8 பார், 20 நிமிடம் கழித்து 1.6 பார் மிஞ்ச வேண்டும். மற்ற வண்டிகளின் எண் கொஞ்சம் மாறும், ஆனால் எதிலும் அது ஓரிரு நிமிடத்தில் பூஜ்யத்துக்கு விழக் கூடாது.

விழுந்தால் ஒவ்வொரு கதவாக மூடிப் பார்க்க வேண்டும். மறுபடி பிரஷர் ஏற்றி, அணைத்து, இந்த முறை கேஜ் வால்வை மூடுங்கள். இப்போது நின்றால் கசிவு வார்ம்-அப் ரெகுலேட்டர் பக்கம். நிற்காவிட்டால் அடுத்த முறை ரிட்டர்ன் ஹோஸை அமுக்கிப் பிடியுங்கள். நின்றால் முன்பு சொன்ன பிரஷர் ரெகுலேட்டரின் ஓ-ரிங். அதுவும் இல்லை என்றால் டேங்க்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸை அமுக்குங்கள். நின்றால் பம்பின் செக் வால்வு (பெட்ரோலை ஒரு பக்கம் மட்டும் விட வேண்டிய வால்வு) பின்னோக்கி விடுகிறது. பல பம்புகளில் அந்த வால்வை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம், பம்ப் முழுதும் வாங்க வேண்டியதில்லை. பழைய ஹோஸை அமுக்கினால் அதுவே வெடிக்கலாம் என்பதால், வெடிப்புத் தெரியும் ஹோஸைப் புதிதாக்கிவிட்டுச் சோதனை செய்யுங்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் அக்யூமுலேட்டர். அணைத்த பிறகு லைனில் பிரஷரைத் தாங்கிப் பிடிப்பதே அதன் வேலை. அதன் பின்பக்கத்தில் உள்ள ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அங்கிருந்து பெட்ரோல் வந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். 911-இல் அது எஞ்சின் அறையின் இடப்பக்கம். முதல் கோல்ஃபில் வண்டிக்கு அடியில், பின் வலது சக்கரத்துக்கு முன்னால், பம்போடு சேர்ந்து இருக்கும். கடைசியாக மிஞ்சுவது கசியும் இன்ஜெக்டரும், குளிரில் ஸ்டார்ட் செய்யக் கூடுதல் பெட்ரோல் தூவும் குளிர் ஸ்டார்ட் வால்வும்.

சிலர் இந்தக் கோளாறுக்குக் குளிர் ஸ்டார்ட் வால்வைச் சூட்டிலும் திறக்க வைக்கும் ரிலே போடுகிறார்கள். ஸ்டார்ட் ஆகும்தான். கசிவு அப்படியே இருக்கும், அதுவும் பெட்ரோல் கசிவு. அந்த வழி வேண்டாம்.

குளிர் ஸ்டார்ட் வால்வு சாதாரணமாக ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் தூவும். மைனஸ் 20 டிகிரியில்கூட சுமார் 8 விநாடிதான், அதற்குள் தெர்மோ-டைம் ஸ்விட்ச் நிறுத்திவிடும். வால்வைக் கழற்றி ஜாடிக்குள் பிடித்து, பம்பை ஓட்டினால் ஒரு சொட்டும் வரக் கூடாது. சொட்டினால் எப்போதும் ரிச்.

இன்ஜெக்டர்களை ஒப்பிடுதல்

எல்லா இன்ஜெக்டர்களையும் லைனோடு வெளியே இழுத்து, ஒரே மாதிரி அளவு பாட்டில்களில் செருகுங்கள். பம்பை ஓட்டித் தட்டைத் தூக்கிப் பிடியுங்கள். தூவல் கூம்பாக, சமமாக விரிய வேண்டும். ஒரு கோடாகப் பீய்ச்சினால் அந்த இன்ஜெக்டர் தேறாது. கோல்ஃபுக்கு அளவு: அதிகம் வந்த பாட்டிலில் 80 மி.லி. ஏறும்போது, குறைவாக வந்ததற்கும் அதற்கும் வித்தியாசம் 8 மி.லி.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரண்டு இன்ஜெக்டர்களை இடம் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். குறைவு இன்ஜெக்டரோடு நகர்ந்தால் இன்ஜெக்டர் கெட்டது. அதே லைனில் நின்றால் டிஸ்ட்ரிப்யூட்டர். பம்பை நிறுத்திய பிறகு 15 விநாடி கவனியுங்கள். முனையில் ஈரம் இருக்கலாம், சொட்டு விழக் கூடாது.

தட்டையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சுற்றிலும் இடைவெளி சமமா என்று 0.10 மி.மீ. ஃபீலர் கேஜை ஓட்டிப் பாருங்கள். அமர்ந்த நிலையில் தட்டின் மேல் விளிம்பு, கூம்பின் குறுகிய இடத்தின் கீழ் விளிம்போடு சமமாக, அல்லது அதிலிருந்து 0.5 மி.மீ. வரை கீழே இருக்கலாம். பிறகு காந்தத்தால் தட்டை மெதுவாகத் தூக்குங்கள்: ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அளவு எதிர்ப்பு இருக்க வேண்டும். சட்டென்று கீழே தள்ளினால் எதிர்ப்பே இருக்கக் கூடாது. கீழே போகும்போதும் உராய்ந்தால் தட்டோ நெம்புகோலோ இடிக்கிறது. மேலே தூக்கும்போது இடையில் சிக்கினால் பிளஞ்சர் பிசுபிசுத்துக்கிடக்கிறது.

ஃப்யூயல் டிஸ்ட்ரிப்யூட்டரை வீட்டில் திறக்க வேண்டாம். வெளியே கழற்றும்போது பிளஞ்சர் நழுவிக் கீழே விழுந்தால் அதன் விளிம்பில் விழும் சிறு கீறல்கூட ஐட்லிங்கைக் கெடுக்கும். ஒவ்வொரு பிளஞ்சரும் அதன் உருளைக்கென்றே பொருத்தப்பட்டது, வேறொன்றிலிருந்து எடுத்துப் போட முடியாது. ஒழுங்கான டெஸ்ட் பெஞ்ச் உள்ள இடத்தில் கொடுத்து, எல்லா வாய்களின் அளவும் எழுதிய தாளோடு திரும்ப வாங்குங்கள்.

இப்போதுதான் மிக்ஸர் ஸ்க்ரூ

எல்லா எண்ணும் சரியான பிறகு, எஞ்சின் முழுச் சூடாகி, ஆக்சிலரி ஏர் வால்வு மூடிய பிறகு, எக்ஸாஸ்ட் கேஸ் அனலைசரோடு. எவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்பது உங்கள் வண்டியின் எஞ்சின் அறை ஸ்டிக்கரில் இருக்கும். 1980 முதல் அமெரிக்காவுக்குப் போன 911 எஸ்சி-யில் ஆக்சிஜன் சென்சாரும், அதன் சிக்னலுக்கு ஏற்பக் கலவையைத் திருத்தும் அதிர்வு வால்வும் உண்டு. அந்த வண்டியில் சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள குழாயில் அளக்க வேண்டும்.

மூடியைக் கழற்றி ஆலன் கீயை உள்ளே விடுங்கள். 911-இலும் கோல்ஃபிலும் வலப்புறம் திருப்பினால் ரிச், இடப்புறம் லீன். ஒரு முறைக்குக் கடிகார முள்ளின் ஐந்து நிமிட அளவுக்கும் குறைவாக. கீ உள்ளே இருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது. தட்டு ஏறினால் கீயோடு சேர்ந்து நெம்புகோல் வளையும். கீயை வெளியே எடுத்து, துளையை மூடி, லேசாக ஒரு முறை ஆக்சிலரேட்டர் கொடுத்து, அனலைசர் நிலைக்கு வந்த பிறகு படியுங்கள். துளையை மூடாமல் படித்தால் அந்தத் துளையே ஏர் லீக்.

நிறுத்தி வைக்கும் வண்டி

ஓடும் கே-ஜெட்ரானிக்கைவிட நிற்கும் கே-ஜெட்ரானிக் சீக்கிரம் கெடும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் பிரிந்து அடியில் தங்கினால் இரும்பு டிஸ்ட்ரிப்யூட்டரின் உள்ளே துரு, பிளஞ்சரில் பிடிப்பு. ஜெர்மனியில் 2011 முதல் 10 சதவீத எத்தனால் பெட்ரோல் விற்பனையில் இருக்கிறது. அங்கே பழைய வண்டி வைத்திருப்போர் பெரும்பாலும் எத்தனால் குறைந்த சூப்பர் பிளஸ்தான் போடுகிறார்கள். இந்தியாவில் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதக் கலவை. இந்த அமைப்பின் பழைய ரப்பரும் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அங்கே வண்டி வைத்திருந்தால் ஹோஸ், ஓ-ரிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம்) சேர்க்காமல் மாதக் கணக்கில் டேங்க்கில் பெட்ரோலைத் தேங்கவிடாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் ஸ்டெபிலைசர் சேர்த்து, டேங்க்கை முழுதும் நிரப்பி, அந்தப் பெட்ரோல் இன்ஜெக்டர் வரை போகும்படி கால் மணி நேரம் ஓட்டிவிட்டு அணையுங்கள்.

வருடக் கணக்கில் நின்ற வண்டியை வாங்கினால், சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஒரே ஒரு தடவை பம்ப் ஓடினாலும் டேங்க்கின் துருவும் பிசினும் நேராகப் பிளவுகளுக்குப் போகும். முதலில் டேங்க்கைக் காலி செய்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, சல்லடையைக் கழுவுங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டருக்கு வரும் லைனைக் கழற்றி, ஒரு கேனுக்குள் விட்டு, புதிய பெட்ரோல் இரண்டு மூன்று லிட்டர் தெளிவாக வரும் வரை பம்பை ஓட்டுங்கள். கேனின் அடியில் பழுப்பாக எதுவும் படியவில்லை என்றால் மட்டும் அந்த லைனைப் புதிய வாஷரோடு டிஸ்ட்ரிப்யூட்டரில் மாட்டுங்கள். படிந்திருந்தால் அந்த ஃபில்டரையும் எடுத்துவிட்டு இன்னொன்று போட்டு, மறுபடி கேன்.